வகுப்புக்கு வெளியே நின்ற குரல்

நவராத்திரி நெருங்க நெருங்கத் திருவனந்தபுரத்துத் தமிழ் இல்லங்களில் எழும் முதற்பேச்சு கொலுப் பொம்மைகளைப் பற்றியதன்று, குரல்களைப் பற்றியது. இன்னார் வீட்டுப் பெண்ணுக்குச் சாரீரம் தேன், இன்னார் வீட்டுக் குழந்தைக்குத் தொண்டை முரடு என்று கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் தீர்ப்புகள் வழங்கப்படும். மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்புகள்! நாம் சிறுவராயிருந்த நாளில் இவ்வாறுதான் இருந்தது. இன்றும் அதிகம் மாறியதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டதொரு தீர்ப்பினால் பள்ளிச் சங்கீத வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு தமிழ்ப் பெண்ணின் வரலாற்றை இம்மாதம் அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம். அவர் பாடியது தியாகையர் கிருதியன்று, திருப்புகழுமன்று. மேல்நாட்டு ஜாஸும் அதன் வழிவந்த பாட்டுகளும். அவர் பெயர் உஷா உதுப். ‘நைட் கிளப்பில் பாடிய பெண்மணியைப் பற்றி நமது ஏட்டில் எழுதுவதா?’ என்று மூத்த அன்பர் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து, வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியுமாக வாழும் குடும்பங்கள் நாம். அவரும் அத்தகைய குடும்பத்தின் பிள்ளையே. ஆதலின் இக்கதையில் நமக்குப் பங்குண்டு என்பது நமது எண்ணம்.

முதலில் அந்த இசையைப் பற்றிச் சிறிது. அமெரிக்காவில் 1930-களின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப்போரின் முடிவு வரை ‘பிக் பாண்ட்’ எனப்படும் பெரும் வாத்தியக் குழுக்கள் ஆட்சி செலுத்தின. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன், பியானோ, முரசு எனச் சுமார் பதினைந்து பேர் அணியணியாக அமர்ந்து முழங்குவார்கள். அம்முழக்கத்துக்கு ஏற்ப மக்கள் நடனமாடுவார்கள். பாடகியின் இடம் அக்குழுவில் பந்தியில் ஊறுகாயின் இடம் போன்றது. மேடையின் ஓரத்தில் ஒரு நாற்காலி. தம் முறை வரும்போது எழுந்து இரண்டு அடிகள் பாடிவிட்டு மீண்டும் போய் அமர்ந்துகொள்ள வேண்டும். இந்த நாற்காலியிலிருந்து எழுந்து குழுவுக்கே தலைவியானவர் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1934-ல் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டி ஒன்றில் நடனமாட எண்ணி மேடையேறிய அந்தப் பதினேழு வயதுக் கறுப்பினப் பெண், கடைசி நொடியில் மனம் மாறிப் பாடிப் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு சிக் வெப் என்னும் முரசு மேதையின் குழுவில் சேர்ந்தார். 1939-ல் வெப் மறைந்தபோது குழுவைத் தலைமை தாங்கி நடத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது.

இங்கே ஒலிவாங்கியின் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். அது வருமுன்னர், பதினைந்து வாத்தியங்களை மீறிக் கேட்க வேண்டுமானால் பாடகர் தகரக் குழல் ஒன்றை வாயருகே பிடித்துக்கொண்டு கூவ வேண்டியிருந்தது. 1925 வாக்கில் மின்சாரப் பதிவு முறை வழக்கத்துக்கு வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. உரக்கப் பாடுவது இனித் தேவையில்லை. காதருகே பேசுவதுபோல் பாடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அதனால் மேல் ஸ்தாயியில் கணீரென ஒலிக்கும் குரலுக்கு மட்டுமிருந்த மதிப்பு, தாழ்ந்த குரலுக்கும் தடித்த குரலுக்கும் கிடைக்கலாயிற்று. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். பின்னால் இதற்கு வேலையிருக்கிறது.

கப்பலேறி இந்த இசை நம் நாட்டுக்கும் வந்தது. 1935-ல் லியான் அப்பி என்பவரின் குழு பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்தது. பின்னர் டெடி வெதர்ஃபோர்ட் என்னும் அமெரிக்கப் பியானோக் கலைஞர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெருங்குழுக்களை நடத்தினார்; தம் நாட்டில் கறுப்பினத்தாருக்கு இல்லாத மரியாதை இங்கே கிடைத்தது போலும். 1945-ல் கல்கத்தாவிலேயே வாந்திபேதி கண்டு மாண்டார். அவரைப் போன்றோரிடம் பழகிக் கற்றவர்கள் கோவாவின் கிறிஸ்தவ இளைஞர்கள். அவர்களுள் ‘சிக் சாக்லேட்’ என்று புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர், இசையமைப்பாளர் சி. ராமசந்திராவுடன் சேர்ந்து 1951-ல் வெளிவந்த ‘அல்பேலா’ என்னும் இந்திப் படத்தில் ஜாஸை நாடெங்கும் முணுமுணுக்க வைத்தார். இந்த ராமசந்திரா தொடக்க நாளில் ‘வனமோகினி’ என்னும் தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தவர் என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். கல்கத்தாவிலோ பார்க் தெருவில் 1956-ல் தொடங்கிய ‘மொகாம்போ’ விடுதியில் பாம் கிரெய்ன் என்னும் ஆங்கிலோ-இந்திய மாது பாடிப் பேர் பெற்றிருந்தார். ஆகவே மேடை ஆயத்தமாக இருந்தது. ஆனால் அம்மேடையில் கவுன் அணிந்த பெண்மணியரைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

உஷா 1947 நவம்பரில் பம்பாயில் பிறந்தார். சென்னையிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பம். தந்தையார் சாமி அவர்கள் பம்பாய்ப் போலீசில் அதிகாரி. பைகுல்லாப் பகுதியில் வாசம். அடுத்த வீட்டில் பட்டாணிய வகுப்பைச் சேர்ந்த மற்றொரு போலீஸ் அதிகாரியின் குடும்பம் இருந்தது. அவ்வீட்டுப் பெண்ணின் நட்பினால் உஷாவுக்கு இந்தியும் வந்தது. அதாவது, வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் இந்துஸ்தானி, தெருவில் மராத்தி. நம் பிள்ளைகள் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் வாக்கியங்களைக் கேட்டு நாம் தலையில் அடித்துக்கொள்கிறோமே, அதே நிலைமைதான். அந்தக் கலவையே பின்னர் பதினேழு இந்திய மொழிகளில் பாடும் நாக்கை அவருக்கு அளித்தது என்று நாம் கருதுகிறோம். (இதைச் சாக்காக வைத்துக்கொண்டு பிள்ளைகள் தமிழ் எழுத்துப் பழகாமலிருக்கலாம் என்று யாரும் பொருள் கொள்ள வேண்டா!)

வீட்டில் ஓயாமல் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கர்நாடகம், இந்துஸ்தானி, மேல்நாட்டுச் சங்கீதம் எதற்கும் தடையில்லை. சகோதரியர் மூவர் பாடகியர். ஆனால் உஷாவின் குரல் பிறவியிலேயே தாழ்ந்தது, கனத்தது, ஆண்குரலோ என ஐயுற வைப்பது. கன்னியர் மடத்துப் பள்ளியில் பாட்டு வகுப்பு எடுத்த ஆசிரியை, ‘இக்குரல் கூட்டுப் பாட்டுக்கு ஒத்துவராது’ என்று வகுப்பிலிருந்து விலக்கிவிட்டார். எனினும் அச்சிறுமிக்குச் சங்கீத ஞானம் இருக்கிறது என்பதை அந்த ஆசிரியை உணர்ந்திருக்க வேண்டும்; தட்டித் தாளம் போடும் சிறு கருவிகளைக் கையில் கொடுத்து ஓரமாக நிற்க வைத்தார். முறையாகச் சங்கீதம் கற்கும் வாய்ப்பு அவருக்கு அதன்பின் கிடைக்கவே இல்லை. பிற்காலத்தில் இதை அவர் பல மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

நமக்கு இதைக் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. நம் தெருவில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 1961 என்று எண்ணுகிறோம். நம்மைவிட இரண்டு வயது மூத்த ஒரு பெண். பெயர் வேண்டா, அக்கா என்றே அழைத்து வந்தோம். தெருக்கோடி வீட்டுத் திண்ணையில் பாட்டு வகுப்பு நடக்கும். பெண்களுக்கு ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்பது அன்றைய வாய்பாடு. பத்துப் பெண்களும் ஒரே சுருதியில் பாடினால்தானே வகுப்பு நடக்கும்? ஒன்பது பேருக்கு அது பொருந்தியது. அக்காவுக்கு மேல் ஷட்ஜத்தில் குரல் பிளந்துவிடும். இரண்டரைக் கட்டையில் விட்டால் கிணற்றடியில் தனியாக அவள் பாடுவது நேர்த்தியாக இருக்கும். ஆனால் அவளுக்காக மற்ற ஒன்பது பேரும் கீழிறங்க முடியாது. ஒருநாள் ‘நாளை முதல் வர வேண்டாம்’ என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அன்று மாலை அவள் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தபோது, பையன்கள் நாலைந்து பேர் குரலைத் தடிப்பாக்கி ‘ச, ரி, க, ம’ என்று கத்திச் சிரித்தோம். சிரித்தார்கள் என்று எழுதத் தொடங்கிச் சிரித்தோம் என்று திருத்தியிருக்கிறோம்.

உஷாவுக்கு வேறொரு வாசல் திறந்தது. அது இலங்கையில் இருந்தது. 1952-ல் மத்திய மந்திரியான பி. வி. கேஸ்கர் அவர்களின் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கி வைத்தது. உடனே நாடு முழுவதும் ரேடியோப் பெட்டிகளின் முள் கொழும்பின் பக்கம் திரும்பியது. நம் திருவனந்தபுரத்தில் கேட்கவே வேண்டா. கடற்கரை ஊர், கொழும்பு அருகில். வால்வு ரேடியோ சூடாகும் வரை பொறுத்திருந்து, முள்ளை மயிரிழையாக நகர்த்தி, இலங்கை வானொலியைப் பிடித்துவிட்டால் எதிர் வீட்டார் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். இந்திப் பாட்டு ஒலிபரப்பில் சக்கரவர்த்தியாக விளங்கிய அமீன் சயானி அவர்களிடம் சகோதரியர் உஷாவை அறிமுகம் செய்தனர். அவ்வானொலியின் ‘ஓவல்டின்’ நிகழ்ச்சியில் சிறுமி உஷா பாடினாள். வகுப்பில் இடமில்லாத குரலுக்குக் கடல் கடந்து இடம் கிடைத்துவிட்டது. ஒலிவாங்கிக்குக் குரல் தடித்ததா மெலிந்ததா என்ற பேதம் கிடையாது என்று மேலே சொன்னோமல்லவா?

1969. அப்போது உஷாவுக்கு இருபத்தொரு வயது. சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபயர், புளூ டைமண்ட், எமரால்டு என்று மூன்று கொட்டகைகள் ஒரே கட்டடத்தில் இருந்தன; 1964-ல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தைப் பார்ப்பதற்கென்றே நாம் சிலர் ரயிலேறிப் போனதுண்டு. (இப்போது அது இல்லை.) அதன் கீழ்த்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்னும் சிறிய இராக்கால விடுதி. அங்கே உறவினருடன் சென்றிருந்த உஷாவைப் பாடச் சொன்னார்கள், பாடினார். பட்டுப்புடவையும் தலையில் பூவும் நெற்றியில் பொட்டுமாக, கல்யாண வீட்டுக்குச் செல்லும் தோற்றத்தில் ஒரு பெண் ஆங்கிலப் பாட்டுப் பாடியதைக் கண்டவர்கள் முதலில் திகைத்திருப்பார்கள். பிறகு கைதட்டினார்கள். விடுதிக்காரர் ஒரு வாரம் தங்கிப் பாடும்படி கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் என்று தொடங்கிய அந்தத் தொழில் அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது.

புடவையைப் பற்றி ஒரு வார்த்தை. அதை ஒரு தந்திரம் என்று அக்காலத்தில் சிலர் குறைகூறியதுண்டு. நாமும் அவ்வாறு எண்ணியதுண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால் தந்திரம் ஒன்றுமில்லை. அவர் வீட்டில் உடுத்தியது அதுதான். வேறு வேஷம் போட்டுக்கொள்ள மறுத்தார் என்பதே உண்மை. அவ்வொரு மறுப்பினால் மற்றொன்றும் நடந்தது. ஆடவர் குடித்துவிட்டுப் பார்க்கும் காட்சியாக இருந்த விடுதிப் பாட்டு, மனைவி மக்களோடு அமர்ந்து கேட்கக்கூடிய பாட்டாக மாறிற்று.

சென்னையிலிருந்து பம்பாய்க் கடற்கரைச் சாலையிலிருந்த ‘டாக் ஆஃப் தி டவுன்’ விடுதி. அங்கிருந்து கல்கத்தாப் பார்க் தெருவின் ‘டிரிங்காஸ்’. பதினைந்து பேர் கொண்ட பெருங்குழுக்களின் காலம் அதற்குள் எங்கும் முடிந்துவிட்டது. அத்தனை பேருக்கும் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. மின்சாரக் கிதார் ஒன்று வந்ததும் நான்கு பேர் போதுமென்றாயிற்று. ஆகவே நாற்காலியில் காத்திருந்து எழுந்து பாடும் பாடகியின் காலமும் போய், இரவு முழுதும் மேடையைத் தனியே தாங்கும் பாடகியின் காலம் வந்தது. உஷா அதற்கேற்பவே அமைந்தவர். பாட்டுக்கு நடுவே சபையோருடன் பேசுவார். மேசை மேசையாகப் போய் அவர்களையும் பாட வைப்பார். கேட்பவர் எம்மொழியினரோ அம்மொழியில் ஓர் அடியாவது பாடிவிடுவார். ஆப்பிரிக்காவில் நைரோபிக்குச் சென்றபோது ‘மலைக்கா’ என்னும் புகழ்பெற்ற சுவாஹிலிப் பாட்டைப் பாடி அந்நாட்டாரின் அன்பைப் பெற்றதும் இவ்விதமே.

டிரிங்காஸில்தான் ஜானி சாக்கோ உதுப் என்பவரைச் சந்தித்தார். கேரளத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தவர். தேயிலைத் துறையில் பணி. உஷா அய்யர் என்ற பெயரில் இசைத்தட்டுகளிலும் தொடக்கக் காலப் படங்களிலும் பாடியவர், இத்திருமணத்தின் பின் உஷா உதுப் ஆனார். பம்பாயில் பிறந்த தமிழச்சி, மலையாளியை மணந்து, வங்காளத்தில் குடியேறினார். நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில் இவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று நமது செயலாளர் தலையைச் சொறிந்துகொள்ள வேண்டியதுதான்! திரு உதுப் 2024 ஜூலையில் காலமானார்.

இந்தித் திரைப்படங்களில் அவர் பாடியவற்றை வரிசையிட நமக்கு நோக்கமில்லை. 1970-ன் ‘பாம்பே டாக்கி’, 1971-ன் ‘ஹரே ராம ஹரே கிருஷ்ணா’ தொடங்கி, 1980-க்குப் பின் பப்பி லாஹிரியின் ஆட்டப் பாட்டுகள் வரை அது நீளும். அவற்றுள் பல நம் ரசனைக்கு உகந்தவையல்ல என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தமிழில் நேர்ந்ததுதான் சுவையானது. ‘திருவிளையாடல்’ எடுத்த ஏ. பி. நாகராஜன் அவர்கள் 1975-ல் ‘மேல்நாட்டு மருமகள்’ என்றொரு படம் எடுத்தார். வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதன் இசை. அப்படத்தில் உஷாவுக்குக் கொடுத்தது ஆங்கிலப் பாட்டு! பக்திப் பட இயக்குநரும் கர்நாடக வித்துவானும் சேர்ந்து, தமிழ்ப் பெண் ஒருத்தியை அழைத்து, தமிழ்ப் படத்தில் ஆங்கிலத்தில் பாடச் செய்தார்கள். தமிழ்நாடு அவரைத் தன் பெண்ணாகக் காணாமல் விருந்தாளியாகவே கண்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. 1990-ல் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் இளையராஜா அவருக்கு ஒரு தமிழ்ப் பாட்டைக் கொடுத்தார். குழந்தைகளின் ஆரவாரத்துக்கு நடுவே அக்குரல் விரைந்து பாய்வதைக் கேட்டவர்களுக்கு, இத்தனை நாள் இதை ஏன் விட்டுவைத்தார்கள் என்று தோன்றியிருக்கும். 2010-ல் ‘மன்மதன் அம்பு’ படத்தில் மாதவனுக்குத் தாயாக நடித்தார். மலையாளத்தார் அதற்கு முன்னரே, 2006-ல் ‘போத்தன் வாவா’வில் மம்முட்டிக்குத் தாயாக்கிவிட்டார்கள். கேரளத்தின் அழகைப் புகழும் மலையாளப் பாட்டொன்றை அவர் பாடத் தொடங்கினால் இங்கே அரங்கமே எழுந்து உடன்பாடுவதை நாமே கண்டிருக்கிறோம். மருமகளுக்கு இந்நாட்டார் செய்யும் மரியாதை அது.

இனி அந்த வழக்கைச் சொல்ல வேண்டும். 1983-ல் மேற்கு வங்கத்தின் பொதுப்பணித்துறை அமைச்சராயிருந்த ஜதின் சக்ரவர்த்தி அவர்கள், உஷாவின் பாட்டு பண்பாட்டைக் கெடுப்பது என்று கருதி, அரசின் கையிலிருந்த மண்டபங்களில் அவர் பாடத் தடை விதித்தார். பதினான்கு ஆண்டுகளாக அந்நகரிலே பாடி, அம்மொழியையும் கற்று, அந்நகரையே தம் ஊராகக் கொண்டவருக்கு இது நேர்ந்தது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பிற மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு உள்ளூரத் தெரியும் விடை அது. வாயை மூடிக்கொண்டிருப்போம். ‘வந்த இடத்தில் வம்பு எதற்கு’ என்பது நம் குடும்பங்களில் தாய்ப்பாலோடு புகட்டப்படும் பாடமல்லவா? உஷா கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் படியேறினார். தமது பாட்டு உயர்ந்தது என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியிருக்கவில்லை. எது நல்ல பாட்டு, எது கெட்ட பாட்டு என்று தீர்மானித்துக் கதவை அடைக்கும் உரிமை அரசுக்கு உண்டா என்பதே கேள்வி. தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. அதன் பிறகும் அந்நகரை விட்டு அவர் போய்விடவில்லை. நெற்றிப் பொட்டில் கல்கத்தாவின் முதலெழுத்தாகிய வங்கக் ‘க’வைத் தீட்டிக்கொள்ளும் வழக்கத்தை மேற்கொண்டார்.

கல்கத்தாவைக் குறைகூறுமுன் நம் ஊர்க் கதவுகளையும் எண்ணிப் பார்க்கலாம். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், குமாரகோவிலிலிருந்து வேலவனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் இன்றும் தமிழ்நாட்டெல்லையைக் கடந்து இங்கே எழுந்தருள்கிறார்கள். கலைமகளின் திருமுன்னர் ஒன்பது நாளும் நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாள் மகாராஜாவின் கீர்த்தனைகளை முறைப்படி பாடுவார்கள். கைதட்டும் வழக்கம்கூட அங்கே இல்லை; அவ்வளவு தூய்மையான சபை. வித்தைக்குத் தெய்வம் பெண். ஆனால் அவள் முன் பாடப் பெண்ணுக்கு நெடுங்காலம் இடமில்லை. 2006-ல்தான் பாறசாலை பொன்னம்மாள் அவர்கள் அம்மண்டபத்தில் அமர்ந்து பாடிய முதற்பெண்மணியானார். சுவாதித் திருநாள் பெயரால் அமைந்த சங்கீத நிலையத்தில் முதன்முதலாகச் சேர்ந்து பயின்ற மாணவி, அங்கேயே ஆசிரியையாகத் தலைமுறைகளை உருவாக்கியவர், திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வர். இத்தனை தகுதியும் சேர்ந்த பிறகு, எண்பத்தோராவது வயதில் அந்த மேடை! அன்று கேட்டவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அம்மையார் 2021-ல் இறைவனடி சேர்ந்தார்.

உஷாவுக்கு அரசு 2011-ல் பத்மஸ்ரீயும் 2024-ல் பத்மபூஷணும் அளித்தது. ‘ஏழு கொலைகள் மன்னிப்பு’ என்னும் பொருள்படும் பெயருடைய இந்திப் படத்தில் ரேகா பரத்வாஜுடன் சேர்ந்து பாடிய பாட்டுக்காக 2012-ல் ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. அப்போது வயது அறுபத்து நான்கு. காஞ்சிபுரம் பட்டுப்புடவையின் சரிகைத் துண்டுகளை வைத்துத் தைத்த கான்வாஸ் காலணிகளை அணிந்து மேடையில் நிற்கிறாராம் என்று கேள்விப்பட்டு, நம் வீட்டு மூத்த பெண்மணி ஒருவர் ‘பட்டைக் காலிலா போடுவது!’ என்று பதறினார். புகைப்படத்தைக் காட்டியதும் உற்றுப் பார்த்துவிட்டு, ‘கொர்வை நன்னாத்தான் இருக்கு’ என்றார்.

சென்ற நவராத்திரியின்போது கரமனையில் அந்த அக்காவின் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்ட அவர், காரியாலயம் ஒன்றில் குமாஸ்தாவாகப் பணிசெய்து ஓய்வு பெற்றவர். பேரன் பேத்தி எடுத்தவர். அவர் பாடி இத்தனை ஆண்டில் யாரும் கேட்டதில்லை. சுண்டல் கொடுத்தார். பேச்சுவாக்கில் உஷா உதுப்பின் பள்ளிக் கதையைச் சொன்னோம். கைப்பேசியில் ‘அஞ்சலி’ப் பாட்டைப் போட்டுக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

‘இது பொம்மனாட்டி குரல்தானே?’ என்றார்.

‘ஆமாம் அக்கா.’

‘அன்னிக்குத் திண்ணையிலே நின்னு சிரிச்சவாள்லே நீயும் ஒருத்தன்.’

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவர் மறந்திருப்பார் என்று நாம் எவ்வாறு நம்பினோமோ, தெரியவில்லை. ‘ஆமாம்’ என்று சொல்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அக்கா அதற்கு ஒன்றும் சொல்லாமல், பேத்தியைக் கூப்பிட்டு உள்ளேயிருந்து சுருதிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ‘அதை இன்னொரு தரம் போடு. எத்தனை கட்டையிலே பாடறான்னு பார்க்கணும்’ என்றார். பாட்டு மறுபடி ஓடியது. அவர் பெட்டியின் திருகை இடப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தார், ஓரிடத்தில் நிறுத்தினார். பாட்டு முடிந்த பிறகும் சுருதி மட்டும் கூடத்தில் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுருதியில், வாயைத் திறக்காமல், அவர் கீழ் ஷட்ஜத்தைப் பிடித்துப் பார்த்தார்.